திருகோணமலைக் காற்றை அளக்கும் எக்ஸ்-கதிர் உடனொளிர்வுக் கருவி: அளவுத்திருத்தம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காற்றில் மிதக்கும் தூசியை வடிதாளில் பிடித்து, அதிலுள்ள மூலகங்களை எக்ஸ்-கதிர் உடனொளிர்வு முறையில் அளக்கத் தொடங்கும் மாணவர்களும் ஆய்வுகூட உதவியாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கடல், துறைமுகம், கனிம மணல் மூன்றும் ஒன்றுக்கொன்று அருகே அமைந்த ஊர் திருகோணமலை. வேறோர் ஊரின் காற்றை நினைத்துத் திருத்திய கருவியை அப்படியே இங்கே நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதற்கான முதன்மைக் காரணம் தைத்தானியம், வனேடியம் பற்றிய பதிலில் இருக்கிறது. அவசரத்தில் இருப்பவர்கள் அதை மட்டுமாவது படியுங்கள்.

இந்தக் கருவி உண்மையில் எதை அளக்கிறது?

எண்ணிக்கையை. எக்ஸ்-கதிர் ஓர் அணுவின் உட்கூட்டிலிருந்து இலத்திரன் ஒன்றை வெளியேற்றுகிறது. வெளிக்கூட்டு இலத்திரன் அந்த வெற்றிடத்தை நிரப்பும்போது, அந்த மூலகத்துக்கே உரிய சக்தியுடன் ஒரு கதிர் வெளிவருகிறது. கல்சியத்துக்கு 3.69 கிலோ இலத்திரன்வோல்ட், இரும்புக்கு 6.40, செம்புக்கு 8.05. இந்தச் சக்திகள் அணு எண்ணோடு ஒழுங்காக ஏறுகின்றன என்பதைப் பிரித்தானிய இயற்பியலாளர் மோஸ்லி 1913இல் காட்டினார். இவை ஊருக்கு ஊர் மாறுவதில்லை, நாளுக்கு நாள் தளர்வதுமில்லை. கருவியின் உணரி ஒவ்வொரு சக்தியிலும் வினாடிக்கு எத்தனை கதிர்கள் வந்தன என்று எண்ணி வைக்கிறது.

ஆகவே "இந்த வடிதாளில் இரும்பு இவ்வளவு மைக்ரோகிராம்" என்பது கருவிக்குத் தானாகத் தெரியாது. எண்ணிக்கையிலிருந்து நிறைக்குப் போகும் வழியைத்தான் அளவுத்திருத்தம் என்கிறோம்.

தொழிற்சாலையிலேயே திருத்தித்தானே அனுப்புகிறார்கள்? நாங்கள் ஏன் மறுபடியும் செய்ய வேண்டும்?

கருவியோடு வரும் திருத்தம் தொடக்கத்துக்கு உதவும். ஆனால் அது எந்த நியமங்களை, அதாவது அளவு முன்பே தெரிந்த ஒப்பீட்டுப் பொருட்களைக் கொண்டு, எந்த வகை வடிதாளுக்காக, எத்தனை வோல்ட்டில், எந்த வெப்பநிலையில் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தே அதன் பெறுமதி. கப்பலில் வந்து, லொறியில் குலுங்கி, புதிய மேசையில் ஏறிய கருவியின் கோணங்கள் மயிரிழை மாறியிருக்கலாம். எக்ஸ்-கதிர்க் குழாயும் காலப்போக்கில் தளரும். எல்லாவற்றையும்விட, எந்த மூலகம் எதன்மேல் விழுந்து குழப்பும் என்பதை நீங்கள் அளக்கப்போகும் காற்றுத்தான் தீர்மானிக்கிறது. அந்தக் காற்று தொழிற்சாலையில் இருந்தவர்களின் முன்னால் இருந்திருக்காது.

எந்த வகை நியமங்களை வாங்க வேண்டும்? மண், பாறைத் தூள் நியமங்கள் போதாதா?

போதா. இந்தத் தவறு எல்லா எண்களையும் ஒரேயடியாகக் கெடுத்துவிடும்.

தடித்த மாதிரியில் உள்ளே பிறக்கும் கதிர் வெளியே வருமுன் மாதிரியாலேயே உறிஞ்சப்படுகிறது. அதனால் மண்ணை அளக்கும் கணக்கு, மாதிரி முடிவற்ற தடிப்புள்ளது என்று எடுத்துக்கொண்டு சதவீதத்தில் விடை சொல்கிறது. காற்று வடிதாளில் இருப்பதோ மெல்லிய தூசிப் படலம். அதில் உறிஞ்சல் பெரும்பாலான மூலகங்களுக்குப் புறக்கணிக்கத்தக்கது. ஒரு சதுர சென்டிமீற்றரில் எவ்வளவு நிறை இருக்கிறதோ அதற்கு நேர்விகிதமாக எண்ணிக்கை கூடும். ஆகவே நியமமும் மென்படலமாகவே இருக்க வேண்டும். மைலார் அல்லது பொலிகார்பனேட் தாளின்மேல் தூய மூலகத்தையோ சேர்வையையோ ஆவியாக்கிப் படிய வைத்து, சதுர சென்டிமீற்றருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று சான்றளித்து விற்கிறார்கள். சான்றில் வழக்கமாக 5 சதவீத நிச்சயமின்மை குறிக்கப்பட்டிருக்கும்.

கையில் பிடிக்கும் கருவியால் வடிதாளை அளக்கலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். மண், உலோகக் கலவை ஆகியவற்றுக்கான முறையில் வைத்து அளந்தால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. மென்படல முறை அதில் இருந்து, அதற்குரிய நியமங்களால் திருத்தியிருந்தால் ஈயம், இரும்பு, நாகம் போன்றவற்றின் பெரிய அளவுகளைப் பார்க்கலாம். சாதாரண நாளின் நுண்தூசிக்கு அதன் உணர்திறன் பெரும்பாலும் போதாது.

அளவுத்திருத்தத்தை எந்த வரிசையில் செய்வது?

முதலில் சக்தி அச்சு. செம்பு போன்ற தூய உலோகத் தகட்டை வைத்து, உச்சம் 8.05இல் நிற்கிறதா, உச்சத்தின் அகலம் முன்புபோல இருக்கிறதா என்று பாருங்கள். அச்சு நகர்ந்திருந்தால் அடுத்து எதைச் செய்தாலும் வீண்.

பிறகு வெற்று வடிதாள்கள். நீங்கள் களத்தில் பயன்படுத்தும் அதே பெட்டியைச் சேர்ந்த, தூசி படாத தாள்கள் சிலவற்றை அளந்து பின்னணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்பின் நியமங்களை ஒவ்வொன்றாக, மாதிரிக்குப் பயன்படுத்தப்போகும் அதே வோல்ட், அதே மின்னோட்டம், அதே நேரத்தில் அளக்க வேண்டும். நியமத்தின் அடித்தாளுக்கும் ஒரு பின்னணி உண்டு. அந்த வெற்றுத் தாளையும் அளந்து கழிக்க மறக்காதீர்கள்.

கணக்கு எளியது. உதாரணமாக, சதுர சென்டிமீற்றருக்கு 20 மைக்ரோகிராம் இரும்புள்ள நியமம், பின்னணி கழித்தபின், வினாடிக்கு 4000 எண்ணிக்கை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரும்பின் உணர்திறன் 1 மைக்ரோகிராமுக்கு 200 எண்ணிக்கை. இப்படி ஒவ்வொரு மூலகத்துக்கும் ஓர் உணர்திறன் கிடைக்கும். இவற்றை அணு எண்ணுக்கு எதிராக வரைந்து பாருங்கள். கே வரிசைக் கதிர்களுக்கு, அதாவது அணுவின் மிக உள்ளே உள்ள கூட்டின் வெற்றிடம் நிரம்பும்போது வரும் கதிர்களுக்கு, ஒரு வழவழப்பான வளைகோடு வர வேண்டும். ஒரு புள்ளி மட்டும் கோட்டை விட்டு விலகி நின்றால் பெரும்பாலும் அந்த நியமம் கீறுபட்டிருக்கும், ஈரம் பிடித்திருக்கும், அல்லது அதன் சான்றிதழை யாரோ மாற்றி எழுதியிருப்பார்கள். நியமம் இல்லாத மூலகத்துக்கும் இந்த வளைகோட்டிலிருந்து உணர்திறனை எடுக்கலாம். இந்தப் படத்தை வரையாமல் எந்தத் திருத்தத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

வடிதாளில் உள்ள அளவைக் காற்றின் அளவாக எப்படி மாற்றுவது?

மேலே சொன்ன கருவியில் ஒரு மாதிரி, வெற்றுத்தாளைக் கழித்தபின், இரும்புக்கு வினாடிக்கு 10 எண்ணிக்கை தந்தால் அது சதுர சென்டிமீற்றருக்கு 0.05 மைக்ரோகிராம். 47 மில்லிமீற்றர் வடிதாளில் தூசி படியும் பரப்பு ஏறத்தாழ 11.9 சதுர சென்டிமீற்றர். ஆகவே மொத்தம் 0.595 மைக்ரோகிராம். நிமிடத்துக்கு 16.7 லீற்றர் வீதம் 24 மணி நேரம் காற்றை இழுத்திருந்தால் அது ஏறத்தாழ 24 கனமீற்றர். வகுத்தால், கனமீற்றருக்கு 25 நானோகிராம் இரும்பு.

இந்தக் கணக்கில் மூன்று இடங்களில் பிழை நுழையலாம்: உணர்திறன், பரப்பு, காற்றின் கனவளவு. பலர் முதலாவதில் மட்டும் கவனம் செலுத்துகிறார்கள். படியும் பரப்பை நீங்கள் பயன்படுத்தும் தாங்கியை வைத்து அளந்து உறுதிசெய்ய வேண்டும். கருவி தாளின் நடுப்பகுதியை மட்டுமே பார்க்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. தூசி ஓரத்தில் அதிகமாகவோ நடுவில் அதிகமாகவோ படிந்திருந்தால் எவ்வளவு நல்ல அளவுத்திருத்தமும் அதைச் சரிசெய்யாது.

நியமத்தில் 20 மைக்ரோகிராம், மாதிரியில் 0.05. இவ்வளவு கீழே வந்தபின்னும் அந்த நேர்கோட்டை நம்பலாமா?

மிக நல்ல கேள்வி. நேர்விகிதம் கீழேயும் தொடரும் என்பது இயற்பியல். ஆனால் கீழே வர வர, உணர்திறனைவிடப் பின்னணியைக் கழிக்கும் முறையே விடையைத் தீர்மானிக்கத் தொடங்கும். ஆகவே உயர்ந்த அளவு நியமங்களில் எல்லாம் சரியாக வந்தது என்று நிம்மதி அடைய முடியாது.

இதற்காகத்தான் அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2783 என்ற இலக்கமுள்ள நியமத்தை வெளியிட்டிருக்கிறது. பொலிகார்பனேட் வடிதாளில் நுண்தூசியைப் படிய வைத்து, உண்மையான காற்று மாதிரியைப் போலவே தயாரிக்கப்பட்டது அது. அதைத் திருத்தத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். திருத்தம் முடிந்தபின், அந்தத் திருத்தத்தைப் பரீட்சிக்க வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பொருளால் திருத்தினோமோ அதே பொருளால் சரிபார்த்தால் எப்போதும் சரியாகத்தான் வரும்.

தைத்தானியம், வனேடியம் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்?

ஏனென்றால் இந்த ஊரில் இரண்டுக்கும் தனித்தனிக் கதை இருக்கிறது. கருவியின் கண்ணுக்கோ இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன.

வடக்கே புல்மோட்டைக் கரையில் இல்மனைட்டு, உரூட்டைல், சேர்க்கோன் ஆகிய கனிமங்கள் செறிந்த கறுப்பு மணல் இருக்கிறது. இல்மனைட்டு இரும்பும் தைத்தானியமும் சேர்ந்த ஒட்சைட்டு. உரூட்டைல் தைத்தானியத்தின் ஒட்சைட்டு. சாதாரண மண் தூசியிலேயே தைத்தானியம் உண்டு. கனிம மணல் உள்ள கரையோரத்தில் அதை இன்னும் அதிகமாக எதிர்பார்க்க வேண்டும். வனேடியமோ கப்பல்கள் எரிக்கும் கனரக எண்ணெயின் அடையாளம். துறைமுக ஊர்களில் ஆய்வு செய்பவர்கள் கப்பல் புகையைத் தேடும்போது முதலில் வனேடியத்தையும் நிக்கலையும்தான் பார்ப்பார்கள்.

இனிச் சிக்கலைப் பாருங்கள். கே வரிசையின் வலிய கதிரைக் கே-ஆல்ஃபா என்றும், சற்று உயர்ந்த சக்தியில் வரும் வலிமை குறைந்த கதிரைக் கே-பீட்டா என்றும் சொல்வோம். தைத்தானியத்தின் கே-பீட்டா கதிர் 4.93 கிலோ இலத்திரன்வோல்ட்டில் விழுகிறது. வனேடியத்தின் கே-ஆல்ஃபா 4.95இல். இடைவெளி 20 இலத்திரன்வோல்ட். நல்ல சிலிக்கன் உணரியிலும் உச்சத்தின் அகலம் 120க்கு மேல். இவை இரண்டு உச்சங்களாகத் தெரியவே தெரியா. தைத்தானியத்தின் கே-பீட்டா அதன் கே-ஆல்ஃபாவில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. ஆகவே ஒரு வடிதாளில் சதுர சென்டிமீற்றருக்கு 400 நானோகிராம் தைத்தானியம் இருந்து, வனேடியம் சிறிதும் இல்லாவிட்டாலும், திருத்தாத கணக்கு 40 முதல் 50 நானோகிராம் வனேடியம் இருப்பதாகச் சொல்லும். கடற்கரைத் தூசி அறிக்கையில் கப்பல் புகையாகிவிடும். அதை நம்பி யாரேனும் துறைமுகத்தைக் குற்றஞ்சாட்டலாம். அல்லது பிழை எதிர்ப்பக்கம் போனால், உண்மையான புகை கணக்கில் காணாமற்போய் யாரும் கேள்வி கேட்காமல் விடலாம். இரண்டும் ஊருக்குச் செய்யும் அநீதி.

திருத்தும் வழி இது. வனேடியம் அற்ற தூய தைத்தானிய மென்படலங்கள் சிலவற்றை, வெவ்வேறு தடிப்பில், அளந்து ஒவ்வொன்றிலும் கருவி காட்டும் பொய் வனேடியத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைத் தைத்தானியத்துக்கு எதிராக வரைந்தால் ஒரு நேர்கோடு கிடைக்கும். அதன் சாய்வுதான் திருத்தக் குணகம். மாதிரியில் அளந்த தைத்தானியத்தை அதனால் பெருக்கி வனேடியத்திலிருந்து கழிக்க வேண்டும். நிறமாலையைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் இதைத் தானே செய்யும் என்பார்கள். செய்யும். ஆனால் அது பயன்படுத்தும் ஆல்ஃபா-பீட்டா விகிதம் உங்கள் உணரிக்கும் வடிப்பானுக்கும் பொருந்துகிறதா என்பதைத் தூய படலத்தை வைத்துத்தான் காண முடியும். குணகத்தில் 10 சதவீதப் பிழை இருந்தாலே, மேலே சொன்ன வடிதாளில் 4 அல்லது 5 நானோகிராம் வனேடியம் கூடும் அல்லது குறையும்.

முன்பு இதை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம் என்று வாதாட இடமிருந்தது. 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உலகளாவிய உச்ச வரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. எரிபொருள் மாறியதோடு பல துறைமுகங்களின் காற்றில் வனேடியமும் குறைந்தது. தேடும் பொருள் சிறியதாகிவிட்டது; அதன்மேல் விழும் தைத்தானிய நிழல் அதே அளவில்தான் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. தூய தைத்தானியத்துக்குப் பதிலாகக் கரையோரக் கறுப்பு மணலைச் சலித்துப் பயன்படுத்தலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். கூடாது. இல்மனைட்டில் இயல்பாகவே சிறிதளவு வனேடியம் உண்டு. அதைப் பொய் வனேடியம் என்று கணக்கில் வைத்தால் குணகம் கூடிவிடும், எல்லா மாதிரிகளிலும் உண்மை வனேடியம் குறைந்துவிடும்.

என் திருத்தம் சரிதானா என்று பழைய மாதிரிகளை வைத்தே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். எல்லா மாதிரிகளின் வனேடியத்தையும் தைத்தானியத்துக்கு எதிராக வரையுங்கள். தூசி நாட்களில் புள்ளிகள் ஒரு கோட்டில் ஏறிப்போனால் குணகம் குறைவாக இருக்கக்கூடும். தைத்தானியம் கூடக் கூட வனேடியம் பூச்சியத்துக்குக் கீழே போனால் குணகம் அதிகம். அடுத்து வனேடியத்தை நிக்கலுக்கு எதிராக வரையுங்கள். நிக்கலின் 7.47 உச்சம் ஒப்பீட்டளவில் தொல்லையற்ற இடத்தில் இருக்கிறது. கனரக எண்ணெய்ப் புகையானால் நிக்கலும் கூடவே ஏற வேண்டும். நிக்கல் அசையாமல் வனேடியம் மட்டும் ஏறினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கருவியை.

சேர்க்கோனியமும் ஒரு சாட்சி. தைத்தானியத்தோடு அதுவும் ஏறினால் கனிம மணல் என்று எண்ண இடமுண்டு. ஆனால் சேர்க்கோனியத்தின் கே-ஆல்ஃபா 15.77, ஸ்துரோந்தியத்தின் கே-பீட்டா 15.83. அதற்கும் தனிக் குணகம் வேண்டும்.

பட்டாசு வெடிக்கும் நாட்களில் தைத்தானியம் கூடுகிறதே, ஏன்?

அது பேரியமாக இருக்கலாம். பச்சை நிற வாணவேடிக்கைக்குப் பேரியச் சேர்வைகளையும் சிவப்புக்கு ஸ்துரோந்தியத்தையும் பயன்படுத்துகிறார்கள். பேரியத்தின் எல்-ஆல்ஃபா (அடுத்த உட்கூட்டிலிருந்து வரும் எல் வரிசைக் கதிர்) 4.47, தைத்தானியத்தின் கே-ஆல்ஃபா 4.51. பேரியத்தின் மற்ற எல் கதிர்கள் வனேடியத்தின் பக்கமும் நீள்கின்றன. தீபாவளி, புத்தாண்டு நாட்களின் வடிதாள்களைப் பேரியத் திருத்தம் இல்லாமல் கணக்கிட்டால் முழுச் சங்கிலியும் அறுந்துவிடும்: பேரியம் தைத்தானியமாகி, அந்தப் பொய்த் தைத்தானியத்தின் பெயரால் வனேடியத்திலிருந்து தேவையற்ற கழித்தலும் நடக்கும். குழாயின் வோல்ட் போதிய அளவு உயர்ந்தால் 32.2இல் உள்ள பேரியத்தின் கே-ஆல்ஃபாவை நேரடியாகப் பார்க்கலாம். அந்த வசதி உள்ளவர்கள் அதையே பயன்படுத்துங்கள்.

ஈயமும் ஆசனிக்கும் ஒன்றாகக் கலக்கின்றன என்கிறார்களே?

ஈயத்தின் எல்-ஆல்ஃபா 10.55, ஆசனிக்கின் கே-ஆல்ஃபா 10.54. பிரிக்க முடியாது. ஈயத்தை 12.61இல் உள்ள எல்-பீட்டாவால் அளந்து, மீதியை ஆசனிக்கு என்று கொள்வது வழக்கம். ஆசனிக்கின் கே-பீட்டாவை நாடலாம் என்றால் அது 11.73. பக்கத்திலேயே 11.92இல் புரோமின் நிற்கிறது. கடற்காற்றில் புரோமின் இல்லாத நாளே இல்லை. ஆகவே இங்கே ஆசனிக்குக்குக் கருவிக் கையேட்டில் எழுதியிருக்கும் கண்டறி எல்லையை (நம்பிக் கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவை) எழுதாதீர்கள். ஈயம் கூடிய நாட்களில் அது பல மடங்கு மோசமாகும். ஆசனிக்குத்தான் உங்கள் ஆய்வின் மையம் என்றால் வேறு முறையைத் தேடுவதே நேர்மை.

கடலுப்பு நிறைந்த மாதிரிகளில் சோடியத்தை நம்பலாமா?

பாதி நம்பலாம். சோடியத்தின் கதிர் 1.04 கிலோ இலத்திரன்வோல்ட் மட்டுமே. ஒரு சென்டிமீற்றர் காற்றே அதை ஏறத்தாழ முழுவதும் விழுங்கிவிடும். அதனால் அளவறையில் வெற்றிடமோ ஈலியமோ இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய இடர், உப்புத் துணிக்கையே தன் கதிரை உறிஞ்சிக்கொள்வது. உப்புக்குள் சோடியக் கதிர் சில மைக்ரோமீற்றர் தூரமே போகும். கடலுப்புத் துணிக்கைகளோ பெரும்பாலும் அதே அளவுடையவை. மென்படல நியமம் காட்டும் உணர்திறன் பருமனான துணிக்கைக்குப் பொருந்தாது. பிஎம் 2.5 மாதிரியில் (2.5 மைக்ரோமீற்றர் வரையான துணிக்கைகள்) இந்தக் குறை சிறியது; பிஎம் 10 மாதிரியில் (10 மைக்ரோமீற்றர் வரை) சோடியம், மக்னீசியம், அலுமினியம், சிலிக்கன் நான்கும் குறைவாகத் தெரியும். உறிஞ்சல் திருத்தம் செய்தால் எந்தத் துணிக்கை அளவை எடுத்துக்கொண்டீர்கள் என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

ஈரப்பதனும் உண்டு. சோடியம் குளோரைட்டு 75 சதவீதச் சாரீரப்பதனில் நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் இங்கே வெளிக்காற்று அந்த எல்லையை எளிதில் தாண்டும். மாதிரிக்கு மட்டுமல்ல, சோடியத்துக்கென வாங்கிய உப்புப் படல நியமத்துக்கும் இது பொருந்தும். நியமங்களை உலர்த்திப் பேழையில், சிலிக்கா ஜெல்லோடு பூட்டி வையுங்கள். ஒருமுறை துளியாகி உலர்ந்த படலம் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் அதன் பரப்பு இனி ஒருசீரானதல்ல. சான்றிதழும் அதோடு செல்லாததாகிவிடும்.

கடலையே ஒரு நியமமாகப் பயன்படுத்தலாமா?

நியமமாக வேண்டாம், சோதனையாகப் பயன்படுத்தலாம். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. கடல்நீரில் முதன்மை அயன்களின் விகிதம் உலகெங்கும் ஏறத்தாழ மாறாதது: நிறைப்படி குளோரின் சோடியத்தைப் போல 1.8 மடங்கு, மக்னீசியம் சோடியத்தில் 0.12 பங்கு, பொட்டாசியமும் கல்சியமும் தனித்தனியே குளோரினில் ஏறத்தாழ 0.02 பங்கு. வடகீழ்ப் பருவக்காற்று கடலிலிருந்து நேரே வீசும் டிசம்பர் முதல் பெப்ரவரி வரையான நாட்களில், நிலாவெளி அல்லது உப்புவெளிப் பக்கம் கடலை நோக்கி எடுத்த மாதிரி இந்த விகிதங்களுக்கு அருகே வர வேண்டும்.

வராவிட்டால் உடனே கருவியைக் குறை சொல்ல வேண்டாம். மாசுபட்ட காற்றிலுள்ள நைத்திரிக்கமிலம் உப்பிலிருந்து குளோரினை வெளியேற்றும். வெற்றிட அறையிலும் குளோரினும் புரோமினும் சிறிது தப்பிப் போகும். சீனன்குடாப் பக்கம் சிமெந்து ஆலை இருக்கும் ஊரில் கல்சியத்துக்கும் வேறு வாசல்கள் உண்டு. விறகு, வைக்கோல் புகை பொட்டாசியத்தைக் கூட்டும். பொட்டாசியத்தின் கே-பீட்டா 3.59இல் விழுந்து கல்சியத்தைத் தொடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆனால் மக்னீசியம் தொடர்ந்து பாதியாகவே வந்துகொண்டிருந்தால் இலேசான மூலகங்களின் திருத்தத்தை மீண்டும் பார்க்க வேண்டிய வேளை அது. கச்சான் காற்று தரையிலிருந்து சூடாக வீசும் மாதங்களில் இந்தச் சோதனைக்கு இடமில்லை. அப்போது சிலிக்கன், அலுமினியம், இரும்பு, தைத்தானியம் நிறைந்த மண் தூசியே மேலோங்கும்.

எந்த வடிதாள் நல்லது?

டெஃப்லான். மெல்லியது, தூய்மையானது, அதிலுள்ள புளோரினின் கதிர் மிகவும் மென்மையானது என்பதால் நாம் அளக்கும் மூலகங்களுக்கு இடையூறு செய்வதில்லை. பொலிகார்பனேட்டும் ஏற்றது. கண்ணாடி இழை, குவார்ட்ஸ் இழைத் தாள்கள் வேண்டவே வேண்டாம். அவை தடித்தவை, தூசி உள்ளே இறங்கிவிடும், சிலிக்கன் முழுத் தாளையும் நிரப்பியிருக்கும்.

கண்டறி எல்லைக்குக் கீழே வந்த எண்களைப் பூச்சியம் என்று எழுதலாமா? எதிர்க்குறி எண் வந்தால்?

வந்ததை வந்தபடியே, நிச்சயமின்மையோடு பதிவு செய்யுங்கள். கண்டறி எல்லை என்பது களத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்த வெற்றுத் தாள்களின் நியம விலகலில் மூன்று மடங்கு என்று கொள்வது பொது வழக்கம். வெற்றுத்தாளைக் கழிக்கும்போது சில எண்கள் பூச்சியத்துக்குக் கீழே விழுவது இயல்பு. அவற்றைப் பூச்சியமாக மாற்றினால் ஆண்டுச் சராசரி பொய்யாக உயரும். வெற்றுத்தாளில் தைத்தானியம் இல்லை என்பதால் அதிலிருந்து பெற்ற வனேடியக் கண்டறி எல்லை தூசி நாளுக்குப் பொருந்தாது. கழித்த தைத்தானியத்தின் நிச்சயமின்மையையும் சேர்க்க வேண்டும்.

மின்வெட்டு வந்து போனபின் மீண்டும் திருத்த வேண்டுமா?

முழுத் திருத்தம் தேவையில்லை. உணரி குளிர்ந்து நிலைபெறும் வரை காத்திருந்து, சக்தி அச்சையும் ஒரு பல்மூலகச் சோதனைப் படலத்தையும் பாருங்கள். மின்சாரத்தால் குளிரும் சிலிக்கன் உணரிகள் விரைவாகத் தேறிவிடும். திரவ நைதரசன் வேண்டும் உணரிகளை இந்த ஊரில் பராமரிப்பது கடினம். புதிதாக வாங்குபவர்கள் இதை யோசியுங்கள். அறையின் வெப்பநிலை பகலும் இரவும் ஒன்றாக இருக்க வேண்டும். இரவில் குளிரூட்டியை நிறுத்தும் பழக்கம் உள்ள இடங்களில் காலை அளவீடுகளில் உச்சங்கள் நகர்ந்திருக்கும்.

எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை திருத்துவது?

சோதனைப் படலத்தை வேலை நடக்கும் ஒவ்வொரு நாளும் அளந்து, எண்களை ஒரு வரைபில் தொடர்ந்து குறித்து வாருங்கள். ஒரு மூலகம் 5 சதவீதம் விலகினால் காரணம் தேடுவேன். விலகல் நீடித்தால் அந்த மூலகத்தைத் திருத்துவேன். குழாயோ உணரியோ மாறினால், கருவி இடம் பெயர்ந்தால், வோல்ட் அமைப்பு மாறினால், நாட்காட்டியைப் பார்க்காமல் முழுத் திருத்தம் செய்ய வேண்டும். எல்லா மூலகங்களும் ஒரே விகிதத்தில் இறங்கினால் குழாய் தளர்கிறது என்று பொருள். இலேசான மூலகங்கள் மட்டும் இறங்கினால் வெற்றிடப் பம்பியையும் உணரியின் முன்னுள்ள மென்தகட்டையும் பாருங்கள். பெரிலியத்தாலான அந்தத் தகட்டை விரலாலோ தூரிகையாலோ தொடவே கூடாது. எளிதில் உடையும்; அதன் தூள் நஞ்சு.

அனுமதி ஏதாவது வேண்டுமா?

ஆம். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டத்தின் கீழ், அயனாக்கும் கதிர்ப்பை உண்டாக்கும் கருவிக்கு ஒழுங்குபடுத்தும் பேரவையின் உரிமம் பெற வேண்டும். கதவு திறந்தால் கதிர் நிற்கும் பாதுகாப்புப் பூட்டை எக்காரணம் கொண்டும் செயலிழக்கச் செய்யாதீர்கள்.

இந்த முறையால் அளக்க முடியாதவை எவை?

சோடியத்தைவிட அணு எண் குறைந்த மூலகங்கள். ஆகவே புகைக்கரி, சேதனப் பொருட்கள், நைத்திரேற்று ஆகியவற்றுக்கு வேறு கருவிகள் வேண்டும். கந்தகத்தை அளக்கலாம்; அது முழுவதும் சல்பேற்றாக இருந்தால் 3ஆல் பெருக்கினால் சல்பேற்று கிடைக்கும். அதே நாளின் இன்னொரு வடிதாளை அயன் நிறப்பகுப்பியில் அளந்து ஒப்பிடுவது கந்தகத் திருத்தத்துக்கு மிக நல்ல சுயாதீனச் சோதனை. ஆனால் ஈயத்தின் எம் கதிர்கள் (மூன்றாம் கூட்டிலிருந்து வருபவை) 2.35இல், கந்தகத்தின் 2.31க்கு மிக அருகே இருக்கின்றன. ஈயம் கூடிய மாதிரியில் கவனம் தேவை.

முடிவுகளை எழுதியபின் நிறமாலைக் கோப்புகளை அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள். மைக்ரோகிராம் எண்களை மட்டும் வைத்திருந்தால், பிற்காலத்தில் ஒரு குணகம் தவறு என்று தெரியவரும்போது செய்ய ஒன்றுமிருக்காது. நிறமாலை இருந்தால் அத்தனை ஆண்டு வனேடியத்தையும் மறுபடி கணக்கிடலாம். ஒவ்வொரு கோப்போடும் வோல்ட், மின்னோட்டம், அளந்த நேரம், வெற்றிடமா ஈலியமா என்ற குறிப்பு, வடிதாளின் பெட்டி இலக்கம், அப்போது நடைமுறையில் இருந்த திருத்தத்தின் திகதி ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். வடிதாள்களும் அழிவதில்லை. இந்த முறை அவற்றைக் கரைப்பதோ எரிப்பதோ இல்லை என்பதால், உறையிலிட்டுக் குளிரில் வைத்தால் மீண்டும் எடுத்து அளக்கலாம். குளோரினையும் புரோமினையும் மட்டும் இரண்டாவது முறை நம்ப வேண்டாம்.